களிமண் வட்டும் கைரேகையும்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போவதாக இருக்கிறோம் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது: “அப்படியா, சாண்டோரினி போகலையா?” அலுவலகத்தில் கேட்டார்கள், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள், வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரும் என் கணவரின் வங்கிக் கணக்கு அறிக்கையை நகலெடுத்துக்கொண்டே கேட்டார். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாக, கல்யாண ஆல்பங்களின் பின்னணித் திரையாகவே நம் ஊரில் பதிந்துவிட்ட தீவு அது. அதற்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் கிடக்கும் கிரீட் வேறு வகை. கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். சென்னையில் புறப்பட்டால் சிதம்பரத்தைத் தாண்டிவிடலாம். குறுக்கே பார்த்தால் ஓரிடத்தில் 12 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 60. நடுவே 2,456 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சமே தாழ்ந்த பனிமலை ஒன்று நிற்கிறது. இவ்வளவு பெரிய தீவைப் பன்னிரண்டு நாளில் ‘பார்த்துவிட’ முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஏற்றுக்கொண்ட பிறகுதான் திட்டம் திட்டமாக உருப்பெற்றது.

எனக்கு அங்கே பார்க்க வேண்டியது உண்மையில் ஒரே ஒரு பொருள். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், சிந்துவெளி எழுத்துகள் பற்றிய ஓர் உரைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழி என்னை இழுத்துப் போனாள். படிக்கப்படாத எழுத்துகளின் வரிசையில் ஒரு களிமண் வட்டின் படம் திரையில் வந்தது. குறுக்களவு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர், நம் வீட்டு அடையைவிடச் சிறியது. இரண்டு பக்கமும் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு போகும் குறிகள்: இறகுத் தலைப்பாகை அணிந்த தலை, நடக்கும் மனிதன், மீன், பறவை, செடி. 1908-இல் தீவின் தெற்கிலுள்ள ஃபைஸ்டோஸ் அரண்மனையில் இத்தாலிய அகழ்வாளர்கள் கண்டெடுத்தது. குறிகள் கீறப்பட்டவை அல்ல. ஒவ்வொரு குறிக்கும் தனித்தனி அச்சு செய்து, ஈரக் களிமண்ணில் ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறார்கள். 45 வகைக் குறிகள், மொத்தம் சுமார் 240 அழுத்தல்கள். இதே எழுத்தில் ஒரு நூல் அளவுக்கு ஏதாவது கிடைத்திருந்தால் யாராவது படித்திருப்பார்கள். கிடைத்தது இந்த ஒரு வட்டுதான். போலி என்று சொல்பவர்களும் உண்டு.

அதே தீவில் கிடைத்த வேறு எழுத்து வகைகளில் ஒன்றை, ‘லீனியர் பி’ என்பதை, 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் படித்துக் காட்டினார். அதற்கு அடித்தளம் போட்டவர் ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்கப் பேராசிரியை. காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கையில் கிடைத்த தாள்களையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிக் குறிப்பெழுதி, சிகரெட் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்து, விடை வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவர். இன்னொன்றான ‘லீனியர் ஏ’ இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977-இல் சிந்துவெளிக் குறிகளுக்குத் தொகுப்பகராதி வெளியிட்டதும், 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அந்த எழுத்தைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும், சென்னைக்காரியான எனக்கு இந்த வட்டின் மீதுள்ள பற்றைக் கூட்டியிருக்க வேண்டும். அது இப்போது ஹெராக்லியோன் நகரின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அதன் முன்னால் போய் அரைமணி நேரம் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

எங்களோடு வரவிருக்கும் அம்மாவின் ஆசை வேறு. அவருக்கு எழுபத்திரண்டு வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மெரினாவில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. “தீவுக்குப் போறோம்னு சொல்ற, அங்கயும் ஏரோப்ளேன்லயேவா போய் இறங்கப் போறோம்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஏதென்ஸிலிருந்து ஹெராக்லியோனுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் போனால் ஒன்பது மணி நேரம் வரை ஆகும். நான் வரைந்திருந்த முதல் திட்டத்தில் விமானம்தான் இருந்தது. அதை அன்றே அடித்துவிட்டேன்.

என்றைக்குப் போவது என்பதில்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டோம். மத்தியதரைக் கடல் என்றால் கோடைக்காலம் என்று பயண நிறுவனங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. ஜூலையும் ஆகஸ்டும் அங்கே கூட்டம், விலை, வெயில் மூன்றும் உச்சத்தில் நிற்கும் மாதங்கள். வெப்ப அலை வந்தால் தொல்லியல் தளங்களை நண்பகலில் மூடியும் விடுகிறார்கள். வெயிலுக்குப் பழகியவர்கள்தானே நாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். வெயிலுக்குப் பழகிய சென்னைக்காரர் ஏப்ரல் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெளியே போகமாட்டார், பழக்கம் என்பதே அதுதான், என்று சொல்லி வாயை அடைத்தேன். அந்தத் தீவிலும் நம்மைப் போலவே ஆண்டின் கடைசி மாதங்களில்தான் மழை பிடிக்கிறது. அது மார்ச் வரை இழுத்துக்கொண்டு, ஏப்ரலில் விட்டுவிடுகிறது. அப்போது பகலில் 20 டிகிரிப் பக்கம், இரவில் 12, 13. கொடைக்கானலுக்கு எடுத்துப்போகும் சால்வை போதும். கடல் குளிக்க முடியாத அளவுக்குக் குளிரும். எங்கள் மூவரில் யாருக்கும் நீந்தத் தெரியாது என்பதால் இழப்பில்லை. ஒன்றே ஒன்று: வசந்தத்தில் லிபியப் பக்கமிருந்து தென்காற்று வீசினால் சகாராப் புழுதி வந்து இறங்கும். 2024 ஏப்ரல் 23 அன்று ஏதென்ஸின் வானமே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, ஆகவே முகக்கவசம் பெட்டியில் ஏறிவிட்டது.

ஏப்ரலை நான் பிடித்துக்கொண்டதற்கு முக்கியமான காரணம் தட்பவெப்பம் அல்ல, சாப்பாடு. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் உயிர்ப்பு ஞாயிறு, நாம் ஈஸ்டர் விடுமுறை எடுக்கும் நாளில் பெரும்பாலும் வராது. 2027-இல் சாந்தோம் பேராலயத்தில் ஈஸ்டர் மார்ச் 28. கிரீட்டில் மே 2. ஐந்து வாரம் எப்படித் தள்ளிப்போகும் என்று அம்மா கேட்டபோது, அவர்கள் அந்த நாளைப் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணிக்கிறார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். “நம்ம வாக்கியம், திருக்கணிதம் மாதிரியா?” என்றார். அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை. அந்த உயிர்ப்பு நாளுக்கு முந்தைய ஏழு வாரங்களும் அங்கே நோன்பு. இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், சீஸ் எதுவும் கூடாது. எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை, சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் கறி எப்போதும் கிடைக்கும். ஆனால் அந்த வாரங்களில் பேக்கரியிலிருந்து சிற்றுண்டிக் கடை வரை ‘நிஸ்டீசிமா’, அதாவது நோன்புக்கு உகந்தவை, என்று ஒரு பகுதி ஒதுக்கிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் எந்தக் கடையில் நுழைந்தாலும் பால் கலந்ததா, முட்டை கலந்ததா என்று விசாரித்தே களைத்துப்போகும் சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல பருவம் அமையாது.

என்னென்ன கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘ஃபாவா’ என்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றிய மசியல். ‘ஹோர்ட்டா’ என்பது மலைச்சரிவில் பறித்த காட்டுக் கீரைகளை வேகவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தது. திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டியது ஒன்று, தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே சோறு அடைத்துச் சுட்டது ஒன்று, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை ஒன்று. ரவையை எண்ணெயில் வறுத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கிளறும் நோன்பு அல்வா வந்தபோது, “நெய் போடாத கேசரின்னு சொல்லு,” என்றார். பார்லி மாவில் செய்த ‘பாக்சிமாதி’ என்ற ரஸ்க்கைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை. கல் மாதிரி இருக்கும், தண்ணீர் தெளித்து ஊறவைத்துத்தான் உண்ண வேண்டும். அம்மாவின் மேல்வரிசைப் பல்செட் புதியது.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இரத்தமில்லாத உயிர்கள் என்ற கணக்கில் கணவாயும் இறாலும் எண்காலியும் (ஆக்டோபஸ்) நோன்புக்கு உகந்த பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. ‘நிஸ்டீசிமோ’ என்று கேட்டு வாங்கிய தட்டில் எண்காலியின் கை வந்து கிடக்கலாம். எனவே இன்னொரு சொல்லையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறோம்: ‘ஹோர்ட்டோஃபாகோஸ்’, சைவக்காரர். சொல்லைப் பிரித்தால் கீரை தின்னி என்று வருகிறது. என் கணவர் இப்போது வீட்டில் அம்மாவின் பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். மாமியார் என்ற மரியாதை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அம்மாவும் அதை ரசிக்கிறார்.

இனி காகிதங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த கடவுச்சீட்டுகள் மூன்றும் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. என்னுடையதும் கணவருடையதும் காய்ந்த பின் ஓரளவு தேறின. அம்மாவுடையதில் புகைப்படப் பக்கத்தின் மை ஓடிவிட்டது. தேறியவை என்று நாம் நினைப்பதைக் குடியேற்ற அதிகாரி நினைக்கமாட்டார் என்பதால் மூன்றையும், ‘சேதமடைந்தது’ என்ற வகையில் விண்ணப்பித்து, தாம்பரம் சேவை மையத்தில் புதிதாக வாங்கினோம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கடவுச்சீட்டு பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். வெள்ளத்தின் புண்ணியத்தில் இந்த மூன்று நிபந்தனையும் ஒரே நேரத்தில் தீர்ந்தன.

தீராதது அம்மாவின் பெயர். தமிழர்களின் இனிஷியல் முறை உலகத்தின் எந்தப் படிவத்திலும் அடங்குவதில்லை என்பது வெளிநாடு போன எல்லோருக்கும் தெரிந்த வேதனைதான். அம்மாவின் பணி ஆணையும் ஓய்வூதிய ஆணையும் அவருடைய அப்பாவின் இனிஷியலோடு இருக்கின்றன, ஏனென்றால் வேலையில் சேர்ந்தபோது திருமணமாகவில்லை. வங்கிக் கணக்கு என் அப்பாவின் இனிஷியலோடு. ஆதாரில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராகிவிட்டது. பழைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது; அதனால் முன்பொரு முறை சிங்கப்பூருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த முகவர், கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று அம்மாவின் பெயரையே இரண்டு முறை அடித்துவிட்டார். விமான நிலைய முகப்பில் நாற்பது நிமிடம் நின்றோம். இம்முறை புதிய கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டு, மற்ற ஆவணங்களில் இருப்பவரும் இவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரமும் நோட்டரி முத்திரையோடு எடுத்து வைத்திருக்கிறோம். பயணச்சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அதை நானே அடிக்கப்போகிறேன், எந்த முகவரிடமும் விடுவதாக இல்லை.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக விட்டால் வாங்கமாட்டார்கள். முடிவு சொல்லப் பதினைந்து நாள் என்பது விதி, நாற்பத்தைந்து வரை நீட்டலாம் என்பதும் விதியில் இருக்கிறது. நாங்கள் புறப்படுவது ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. ஆகவே அக்டோபர் 20-இல் வாசல் திறக்கிறது. ஒருவருக்கு 90 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்த நாளில் மூவருக்குமாக எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம், அது மறுத்தால் திரும்பி வராத பணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரீமியம் ஏறுவதோடு, முன்பே உள்ள நோய்களுக்குப் பொருந்தாது என்ற வரி சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அந்த வரி இல்லாத, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் செலவை ஏற்கும் பாலிசியாகத் தேடி எடுக்க மூன்று மாலைகள் போயின.

உண்மையான பயம் கைரேகை. விசா விண்ணப்பத்துக்குப் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். அது போதாதென்று, 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தையும் விரலையும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்துவிட்டார்கள். அம்மாவின் ரேகைகள் முப்பத்தைந்து ஆண்டு சாக்பீஸிலும் அதற்குமேல் பாத்திரம் துலக்கியதிலும் தேய்ந்துபோனவை. நியாயவிலைக் கடையில் மாதம் தவறாமல் அவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, ஊதி, கண்ணாடியில் வைத்து அழுத்தினால் கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். ஆள்காட்டி விரல், அதற்கும் சிவப்பு. கடைசியில் கண்விழியைக் காட்டித்தான் அரிசி வாங்கி வருவார். இதைப் பற்றிக் கேட்டபோது எங்கள் தோல் மருத்துவர், இரவில் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கவும், பாத்திரம் துலக்குவதைச் சில மாதம் நிறுத்தவும் சொன்னார். இரண்டாவது யோசனையை அம்மா என் கணவரைப் பார்த்துக்கொண்டே வரவேற்றார்.

சென்னையிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி விமானம் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் முதல் விமானமே பத்து மணி நேரம், மேலும் ஐரோப்பாவின் எல்லைச் சோதனை அங்கேயே, அடுத்த விமானத்தைப் பிடிக்கும் அவசரத்துக்கு நடுவில் நடக்கும். ரேகை விழாத விரலோடு அந்த வரிசையில் நிற்கும் காட்சியை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. வளைகுடா வழி என்றால் துபாய்க்கு நான்கு மணி நேரம், அங்கே இறங்கிக் கால் நீட்டிவிட்டு ஏதென்ஸுக்கு ஐந்து மணி நேரம். எல்லைச் சோதனை ஏதென்ஸில், அதன் பிறகு இரவுக் கப்பல் வரை எந்த அவசரமும் இல்லை. இரண்டு விமானமும் ஒரே பயணச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். தனித்தனியாக எடுத்தால் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று ஒரு வலைத்தளம் காட்டியது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது சீட்டு வெறும் காகிதம் என்பதை அது காட்டவில்லை.

உணவைப் பதிவு செய்யும்போது ‘இந்து உணவு’ என்ற வகையைத் தொட்டுவிடாதீர்கள். அது சைவம் அல்ல, மாட்டிறைச்சி இல்லாத அசைவம். சைவத்துக்கான குறியீடு ஏவிஎம்எல். அதைக் கேட்டதும் அம்மா, “வடபழனி ஸ்டூடியோவா?” என்றார்.

பிரேயஸ் போய்ச் சேர விமான நிலையத்திலிருந்தே இரவும் பகலும் ஓடும் பேருந்து இருக்கிறது. கப்பலில் நான்கு படுக்கை அறையை மூவருக்காக எடுப்பதாக இருக்கிறோம். மேற்படுக்கைக்கு ஏணியில் ஏறப்போவது நான். காற்றின் வேகம் அதை அளக்கும் பொஃபோர்ட் அளவுகோலில் எட்டைத் தொட்டால் கரையோரக் காவல் படை பெரும்பாலும் கப்பல்களை நிறுத்திவிடும். மே முதல் நாளில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்வது வழக்கம். இந்த இரண்டு காரணங்களாலும் போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்திருக்கிறோம். கப்பல் விடிகாலை ஆறு மணிக்குக் கரை சேரும், விடுதி அறையோ மதியம்தான் கிடைக்கும். எழுபத்திரண்டு வயதுக்காரரை ஏழு மணி நேரம் பெட்டியோடு உட்காரவைக்க முடியாது. அதனால் முந்தைய இரவுக்கும் சேர்த்தே ஹெராக்லியோனில் அறை பார்த்திருக்கிறோம். ஆளில்லாத அறைக்கு வாடகையா என்று கணவர் கேட்டார். எங்கள் திட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த செலவு அதுதான்.

ஹெராக்லியோனில் ஐந்து இரவு. முதல் நாள் ஓய்வு, மறுநாள் அருங்காட்சியகம், களிமண் வட்டு. க்னோசோஸ் அரண்மனை ஐந்து கிலோமீட்டர் தள்ளி, இரண்டாம் எண் நகரப் பேருந்தில் போய்விடலாம். ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1900-இல் அங்கே தோண்டத் தொடங்கி, பிறகு இடிபாட்டின் மேலேயே கான்கிரீட்டில் தூணும் மாடமும் எழுப்பிச் சிவப்பு வண்ணம் அடித்துவைத்தார். கற்சிற்பங்களின் மேல் மணலைப் பீய்ச்சியடித்துத் ‘திருப்பணி’ செய்ததைப் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாக இராது. அவருக்கு முன்பே, 1878-இல், மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் அங்கே தோண்டிச் சாடிகளை வெளியே எடுத்துவிட்டார் என்பதை நான் அம்மாவுக்குக் கட்டாயம் சொல்வேன். உள்ளூர்க்காரரை மறந்துவிடும் வரலாறு என்றால் அவருக்குக் கோபம் வரும். எனக்கு ஆர்வம் அறுபது கிலோமீட்டர் தெற்கே, கான்கிரீட் ஏறாத ஃபைஸ்டோஸ் மேல்தான். அங்கிருந்து பார்த்தால் கீழே மெஸாரா சமவெளி, வடக்கே பனிமலை. க்னோசோஸும் ஃபைஸ்டோஸும் இன்னும் நான்கு இடங்களும் சேர்ந்து 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2027-இல் கூட்டம் கூடியிருக்கும்.

அந்தப் பயணத்துக்குக் கார் எடுத்துத் தானே ஓட்டுவதாக என் கணவர் ஒரு கனவு வைத்திருந்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எளிதில் கிடைக்கும். ஆனால் அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும், மலைப்பாதை, பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடச் சாலையோரக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கி ஓடுவது உள்ளூர் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே லாரி வந்தாலே நான் அவர் கையைப் பிடிப்பவள். ஒருநாள் டாக்சி என்று முடிந்தது.

மிச்ச ஏழு இரவுகள் மேற்கே ஹானியாவில். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம், பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கரையோரம் சமதளம் என்பதால் அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற ஊர். ஏழு இரவு நீளம்தான். ஆனால் ஏப்ரல் 26-இல் அவர்களின் புனித வாரம் தொடங்குகிறது, அதன் கடைசி மூன்று நாளில் இடம் மாறுவது மடத்தனம். உயிர்ப்பு ஞாயிறன்று தொல்லியல் தளங்கள் மூடியிருக்கும், கடைகளும் அப்படியே, பேருந்துகள் குறையும். சனிக்கிழமைக்குள் பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே ஒரு வாரம் முன்னால் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை இரவு பூவால் அலங்கரித்த பாடையைத் தூக்கிக்கொண்டு ஊரே மெழுகுவத்தியோடு ஊர்வலம் போகும் என்றும், சனிக்கிழமை நள்ளிரவில் ஒரே சுடரிலிருந்து எல்லோரும் விளக்கேற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் நிலைவாசலில் புகையால் சிலுவைக் குறி இடுவார்கள் என்றும், கோவில் முற்றத்தில் விறகடுக்கி யூதாஸின் உருவத்தைக் கொளுத்துவார்கள் என்றும் வாசித்துக் காட்டியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொக்கப்பனை கொளுத்துற மாதிரி! அதை விட்டுட்டா வர்றது?” மே 3 திங்கட்கிழமை ஹானியாவிலிருந்தே விமானம் ஏறி ஏதென்ஸ் வழியாகத் திரும்புகிறோம். மறுநாள் சென்னையில் வந்து இறங்கும்போது கத்திரி வெயில் தொடங்கியிருக்கும்.

பெட்டியில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் உண்டு, நெய் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், தேங்காய்க்கு வேண்டாம். அதே தேங்காய் காய்ந்து கொப்பரையானால் தீப்பிடிக்கும் பொருள் என்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை.

வெட்டியவை ஏராளம். சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நடை, அதுவும் மே மாதத்தில்தான் வழக்கமாகத் திறக்கும், போயிற்று. தொழுநோயாளிகளை 1957 வரை ஒதுக்கி வைத்திருந்த ஸ்பினலோங்கா தீவு கிழக்குப் பகுதியில், போயிற்று. வழியிலுள்ள ரெதிம்னோ நகரம், பேருந்தின் ஜன்னல் வழியே. ஏதென்ஸின் அக்ரோபோலிஸையும் வெட்டினேன் என்று சொன்னபோது வாட்ஸ்அப் குழு அமைதியாகிவிட்டது.

விசா வாசல் திறக்கும் அக்டோபர் 20, வடகிழக்குப் பருவமழை இறங்கும் வாரம். கடவுச்சீட்டுகள், உறுதிமொழிப் பத்திரம், வருமான வரி விவரம், ஓய்வூதிய ஆணை எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போய், இப்போது பீரோவில் இல்லை, பரணில் இருக்கின்றன. இன்று காலை நான் அலுவலகப் பேருந்தில் இருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் நியாயவிலைக் கடையின் எடைத்தட்டுச் சத்தமும், யாரோ சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கும் குரலும். “மூணாவது தடவையில பச்சை விளக்கு எரிஞ்சுதுடி,” என்றார், மூச்சு வாங்க. “வலது கை ஆள்காட்டி விரல். எழுதி வச்சுக்கோ.”